60 மில்லிமீட்டர் போதுமா?

ஊத்தங்கரையிலிருந்து வடகிழக்கே நேர்கோடு இழுத்தால் 50 கிலோமீட்டருக்குள் காவலூர் வந்துவிடும். சவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி. 1986 ஜனவரி முதல் அது வேலை செய்துவருகிறது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு மலையிறங்கும் யாருக்கும் ஒரு கேள்வி எழும். வானத்தைப் படம்பிடிக்க இவ்வளவு பெரிய கண்ணாடி தேவைப்படுகிறதென்றால், வீட்டு மொட்டைமாடியில் வைக்கும் சின்னக் குழாயில் என்ன கிடைத்துவிடும்?

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். ஓரியன் நெபுலாவைத் தொலைநோக்கி வழியாகக் கண்ணால் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு புகைத் திட்டுதான் தெரியும். அதைவிடச் சிறிய தொலைநோக்கியில் யாரோ எடுத்த படத்திலோ அதே நெபுலா செக்கச்செவேலென்று விரிந்து கிடக்கிறது. வண்ணம் தீட்டிவிட்டார்களோ என்று தோன்றுவது இயல்பு.

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. வானத்தைக் கண்ணால் பார்ப்பது ஒரு வேலை, கேமராவால் பிடிப்பது வேறு வேலை. முதல் வேலைக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை வைத்து இரண்டாவதற்குக் கருவி வாங்கினால் பணம் வீணாகும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு ஊரை, ஒரே ஒரு இலக்கை, ஒரு சின்ன லென்ஸ் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊர் ஊத்தங்கரை. இலக்கு ஓரியன் நெபுலா.

கண் தவறவிடும் சிவப்பு

ஓரியன் நெபுலா ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் வாயு மேகம். அதன் நடுவே பிறந்திருக்கும் இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி ஹைட்ரஜனைத் தூண்ட, அது 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிர்கிறது. அந்தச் சிவப்பு உண்மையிலேயே அங்கே இருக்கிறது, யாரும் தீட்டியதில்லை.

நம் கண்ணுக்கு இரவில் இரண்டு குறைகள். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் விழித்திரை அணுக்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அதிலும் சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டுதான். தவிர, கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்த ஒளியை மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் நெபுலா கூடுதலாகப் பிரகாசிக்கப் போவதில்லை.

கேமராவின் உணரி அப்படியல்ல. 30 நொடி திறந்து வைத்தால் 30 நொடியும் விழுந்த ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. அப்படி 120 படங்கள் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கினால் ஒரு மணி நேர ஒளி கையில் இருக்கும். அடுக்கும்போது இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு படத்திலும் தற்செயலாகச் சிதறிக்கிடக்கும் பொரிப்பொரியான புள்ளிகள், அதாவது இரைச்சல், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். 4 படங்களின் சராசரியில் இரைச்சல் பாதியாகும், 100 படங்களில் பத்தில் ஒரு பங்காகும்.

ஆக, பெரிய கண்ணாடி ஒரு நொடியில் திரட்டுவதைச் சின்ன லென்ஸ் பொறுமையாக ஒரு மணி நேரத்தில் திரட்ட முடியும். இதுதான் சின்னக் குழாய்க்கு உயிர் கொடுக்கும் விஷயம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த ஒரு மணி நேரமும் நட்சத்திரம் உணரியில் விழுந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. அதைப் பிறகு பார்ப்போம்.

உருப்பெருக்கத்தை மறந்துவிடலாம்

தொலைநோக்கிப் பெட்டிகளின்மேல் 525 மடங்கு, 675 மடங்கு என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். படம் எடுப்பவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. உருப்பெருக்கம் கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸைப் பொறுத்தது. படம் எடுக்கும்போது அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவைத்தான் மாட்டுகிறோம். தொலைநோக்கியே கேமராவுக்கு லென்ஸ் ஆகிவிடுகிறது.

அப்போது இரண்டு அளவுகள்தான் பேசும். முன்லென்ஸின் விட்டம் ஒன்று. லென்ஸிலிருந்து உருவம் கூர்மையாக விழும் இடம் வரையுள்ள தூரம் மற்றொன்று, அது குவியத் தொலைவு. உணரியின்மேல் நிலா எவ்வளவு பெரிதாக விழும் என்று தெரிய வேண்டுமா? குவியத் தொலைவை 110 ஆல் வகுத்தால் போதும். 360 மி.மீ. குவியத் தொலைவென்றால் நிலா 3.3 மி.மீ. அகலத்தில் விழும், 714 மி.மீ. என்றால் 6.5 மி.மீ.

நடுத்தர கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி உணரி ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். 360 மி.மீ. தொலைநோக்கியில் அதை மாட்டினால் வானத்தில் 3.7 பாகை அகலமும் 2.5 பாகை உயரமும் உள்ள துண்டு படத்துக்குள் அடங்கும். நிலாவின் அகலம் அரைப் பாகைதான். அதாவது ஏழு முழுநிலாக்களை ஒரே வரிசையில் வைக்கலாம். ஓரியனின் இடைவாளில் நெபுலாவும் அதன் வடக்கே, தெற்கே இருக்கும் நட்சத்திரக் கூட்டங்களும் சேர்ந்து ஒன்றரைப் பாகை நீளம். சுற்றிலும் வானம் விட்டு அழகாக அமரும். கார்த்திகைக் கூட்டம் சுமார் 2 பாகை, அதுவும் அடங்கும். ஆந்த்ரொமீடா விண்மீன் மண்டலம் 3 பாகை, அதைக் கொஞ்சம் கோணம் பார்த்து வைத்தால் அடங்கும்.

புதிதாகப் படம் எடுக்க வருபவர்கள் வானத்துப் பொருள்கள் எல்லாம் மிகச் சிறியவை, ஆகவே பெரிதாக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். கோள்களுக்கு அது சரி. நெபுலாக்களில் பல, நிலாவைவிடப் பெரியவை. அவை நமக்குத் தெரியாமல் போவது மங்கலால்தான்.

இரண்டு குழாய்கள், ஒரு கணக்கு

கடையில் இரண்டு தொலைநோக்கிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 60 மி.மீ. விட்டம், 360 மி.மீ. குவியத் தொலைவு. மற்றது 102 மி.மீ. விட்டம், 714 மி.மீ. குவியத் தொலைவு. இரண்டும் நல்ல கண்ணாடி. இரண்டாவதன் விலையும் எடையும் பல மடங்கு. பணம் இருந்தால் பெரியதை வாங்கிவிடலாமா?

முதலில் நுணுக்கம். நம் பஞ்சாங்கக் கணக்கில் ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. நெருக்கமாக இருக்கும் இரட்டை நட்சத்திரத்தை 60 மி.மீ. லென்ஸ் 1.9 விகலை இடைவெளி வரை பிரித்துக் காட்டும், 102 மி.மீ. லென்ஸ் 1.1 விகலை வரை. காகிதத்தில் பெரியதுதான் வெல்கிறது.

ஆனால் நடுவில் காற்று இருக்கிறது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். எரியும் அடுப்புக்கு மேலாக எதிர்ச்சுவரைப் பார்த்தால் அது நெளிகிறதல்லவா, அதே நெளிவு நட்சத்திர ஒளிக்கும் நேர்கிறது. சமவெளி ஊர்களில் சாதாரண இரவொன்றில், நீண்ட நேரம் திறந்து வைத்த படத்தில், ஒரு நட்சத்திரம் 2 முதல் 4 விகலை அகலத்துக்குப் பரவிவிடும். 102 மி.மீ. லென்ஸின் கூடுதல் கூர்மையில் பெரும்பகுதி இந்தக் காற்றிலேயே கரைந்துபோகும். 60 மி.மீ. லென்ஸின் திறனும் மாடிக் காற்றின் கலக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. உணரியின் ஒரு புள்ளி 3.76 மைக்ரான் என்றால் 360 மி.மீ. தொலைநோக்கியில் அது 2.15 விகலையைப் பார்க்கும். இதுவும் பொருத்தமே.

அடுத்தது பிரகாசம். இங்கேதான் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது குவிய விகிதம், கடைக்காரர்கள் எஃப் எண் என்பார்கள். சின்னதுக்கு 360ஐ 60 ஆல் வகுக்க, எஃப் 6. பெரியதுக்கு 714ஐ 102 ஆல் வகுக்க, எஃப் 7. பெரிய லென்ஸ் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவான அளவு அதிக ஒளியை வாங்குகிறது, உண்மை. ஆனால் நெபுலாவின் உருவத்தை உணரியில் ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பில் விரித்துவிடுகிறது. விளைவு, ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது. சின்னது ஒரு மணி நேரத்தில் எடுக்கும் நெபுலா பிரகாசத்தை எட்டப் பெரியதுக்கு ஒரு மணி இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பெரியதால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. சிறு விண்மீன் மண்டலங்களுக்கும் கோள் நெபுலாக்களுக்கும் நீண்ட குவியத் தொலைவு தேவை. மங்கலான நட்சத்திரங்களும் அதில்தான் கூடுதலாகப் பதியும். ஆனால் அது இரண்டாவதாக வாங்க வேண்டிய கருவி. முதலாவது 50 முதல் 72 மி.மீ. விட்டத்துக்குள், 250 முதல் 420 மி.மீ. குவியத் தொலைவுக்குள் இருக்கட்டும். வில்லியம் ஆப்டிக்ஸின் ரெட்கேட் 51 இந்த வரம்பின் ஒரு முனை, 250 மி.மீ. அதில் ஓரியனின் இடைக்கச்சையும் வாளும் ஒரே படத்தில் விழும். ஸ்கைவாச்சரின் 72 ஈடி மறுமுனை, 420 மி.மீ.

காவலூரும் கோடைக்கானலும் சொல்வது

பெரிய ஆய்வகங்களிலும் எல்லா வேலையையும் பெரிய கண்ணாடி செய்வதில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இன்று அது 4130 ராமானுஜன். சென்னை வானாய்வகத்தில் போக்சன் சிறுகோள்களைக் கண்டுபிடித்து நூறாண்டுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் அது. 2.34 மீட்டர் கண்ணாடி பக்கத்திலேயே இருந்தும், அதைப் பிடித்துக் கொடுத்தது ஷ்மிட் வகைச் சிறு தொலைநோக்கி. ஒரே படத்தில் வானத்தின் அகலமான பரப்பை வளைத்துப் பிடிப்பது அதன் வேலை. எங்கே இருக்கிறது என்று தெரியாத சிறுகோளைத் தேட அகலப் பார்வைதான் வேண்டும்.

லென்ஸ் தொலைநோக்கிக்கு இதைவிட நெருக்கமான சாட்சி கோடைக்கானலில் இருக்கிறது. 1904இல் 10 செ.மீ. லென்ஸ் ஒன்றை வைத்து அங்கே சூரியனை நாள்தோறும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். 1918இல் அந்த லென்ஸை 15 செ.மீ. லென்ஸாக மாற்றினார்கள். மேகம் விடும் நாளெல்லாம் தொடர்ந்த அந்தப் பட வரிசை நூறாண்டைக் கடந்துவிட்டது. சூரியக் கரும்புள்ளிகளின் போக்கை ஆராயும் உலக விஞ்ஞானிகள் இன்றும் அதைத் தேடி வருகிறார்கள். 15 செ.மீ. என்பது இன்று தனிநபர்கள் வீட்டில் வைத்திருக்கும் அளவு. அந்த வரிசைக்கு மதிப்பு தந்தது லென்ஸின் பருமன் அல்ல, ஒரே முறை, நாள் தவறாத உழைப்பு.

உங்கள் 60 மி.மீ. தொலைநோக்கியிலும் சூரியப் புள்ளிகளைப் படம் எடுக்கலாம். தரச்சான்று பெற்ற சூரிய வடிகட்டியை லென்ஸுக்கு முன்னால், காற்றில் பறக்காதபடி இறுக்கமாகப் பொருத்தியிருக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

ஊதா விளிம்பு

லென்ஸ் தொலைநோக்கிக்குப் பிறவியிலேயே ஒரு நோய் உண்டு. கண்ணாடி நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கும். அதனால் எல்லா நிறமும் ஒரே தூரத்தில் குவிவதில்லை. இது நிறப்பிறழ்ச்சி. 17ஆம் நூற்றாண்டில் இதற்கு மருந்து குழாயை நீட்டுவதாகத்தான் இருந்தது. டான்சிக் நகரில் ஹெவேலியஸ் கட்டிய தொலைநோக்கியின் நீளம் 46 மீட்டர். லென்ஸால் இது தீராது என்று முடிவு கட்டிய நியூட்டன் 1668இல் கண்ணாடித் தொலைநோக்கிக்கு மாறினார். காவலூரின் பெரிய கருவி அந்த வழியில் வந்ததுதான். பிறகு இங்கிலாந்தில் செஸ்டர் மூர் ஹால், இருவேறு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்தும் என்று கண்டார். 1758இல் ஜான் டாலண்ட் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

இன்றும் மலிவான தொலைநோக்கிகளில் இருப்பது அந்த இரட்டை லென்ஸ்தான், பெயர் அக்ரோமேட். சிவப்பும் நீலமும் சேரும், ஊதா மட்டும் ஒதுங்கி நிற்கும். கண்ணால் பார்க்கும்போது இது பெரிய தொல்லை இல்லை. கேமராவோ அந்த ஊதாவையும் நிமிடக்கணக்கில் சேர்த்து வைக்கும். படத்தில் ரிகெல் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா வளையம் வீங்கி நிற்கும். கணினியில் எவ்வளவு சரிசெய்தாலும் அது முழுக்கப் போகாது.

ஆகவே படத்துக்கு வாங்குகிறவர்கள் ஈடி கண்ணாடி என்று எழுதியிருப்பதைத்தான் தேட வேண்டும். நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் சிறப்புக் கண்ணாடி அது. ஜப்பானின் ஓஹாரா நிறுவனம் செய்யும் எஃப்பிஎல்-53 இதில் உயர்ந்த ரகம், எஃப்பிஎல்-51 அதற்கு ஒருபடி கீழே. மூன்று லென்ஸ் சேர்த்தவை இன்னும் சுத்தமானவை, ஆனால் கனமும் விலையும் ஏறும், இரவுக் குளிருக்குப் பழக நேரமும் எடுக்கும். 60 மி.மீ. அளவில், எஃப் 6இல், நல்ல இரட்டை ஈடி லென்ஸே போதும் என்பது என் கருத்து. மிச்சப்படும் பணத்துக்கு வேறு அவசரமான இடம் காத்திருக்கிறது.

ஏற்கெனவே அக்ரோமேட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். நிலாவுக்கும், வடிகட்டியோடு சூரியனுக்கும் அது நன்றாகவே உழைக்கும்.

12 பாகை

மிச்சப்பட்ட பணம் போக வேண்டிய இடம், தொலைநோக்கியைத் தாங்கி நட்சத்திரத்தின் பின்னாலேயே திருப்பும் மவுண்ட்.

பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. நம் கணக்கில் ஒரு புள்ளிக்கு 2.15 விகலை. மவுண்ட் திருப்பாவிட்டால் ஏழில் ஒரு நொடியில் நட்சத்திரம் அடுத்த புள்ளிக்குத் தாவிவிடும். 30 நொடி திறந்து வைத்தால் 450 விகலை, அதாவது நிலா அகலத்தில் கால்வாசி நீளத்துக்குக் கோடு விழும். 102 மி.மீ. குழாயில் இதே தவறு இரண்டு மடங்காகத் தெரியும். சின்னக் குழாய் மன்னிக்கும் என்று சொல்வது இதனால்தான். குவியத் தொலைவு குறைந்தால் மவுண்ட்டின் பிழையும் படத்தில் சுருங்கிவிடும்.

மவுண்ட்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை அச்சைச் சாய்த்து, வடக்கே திருப்ப வேண்டும். ஊத்தங்கரைக்கு அது 12 பாகையும் சொச்சமும். காவலூரின் பெரிய தொலைநோக்கிக்கும் துருவ அச்சு ஏறக்குறைய இதே அளவுதான் சாய்ந்திருக்கிறது, அந்தக் கருவியும் பூமியின் சுழற்சியைத்தான் ஈடுகட்டுகிறது.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்த 12 பாகைச் சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை, அவர்களுக்கு 40, 50 பாகை. சில மவுண்ட்களில் சாய்வுத் திருகு 15 பாகைக்குக் கீழே இறங்காது. சிலவற்றில் இறங்கும், ஆனால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வாங்குமுன் உங்கள் கையால் 12 பாகைக்கு இறக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கடையில் கூச்சப்பட்டால் மாடியில் வருந்த வேண்டியிருக்கும்.

இன்னொரு தொல்லை. வடதுருவ நட்சத்திரம் ஊத்தங்கரையில் அடிவானத்துக்கு 12 பாகை மேலேதான் நிற்கும். அந்தத் திசையில் திருப்பத்தூரின் வெளிச்சமும் ஏலகிரியும் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் ஒரு மாடி கூடுதலாகக் கட்டிவிட்டாலோ ஒரு தென்னை வளர்ந்துவிட்டாலோ துருவம் மறைந்துவிடும். இப்போது இதற்கு வழி வந்துவிட்டது. நினா, ஷார்ப்கேப் போன்ற மென்பொருள்கள் கேமரா எடுக்கும் படத்திலிருக்கும் நட்சத்திரங்களை வைத்தே அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். நினாவில் துருவ நட்சத்திரம் கண்ணில் படாமலேயே இதைச் செய்யலாம்.

தாங்கும் எடை 5 கிலோ என்று எழுதியிருந்தால் படத்துக்கு அதில் பாதியை மட்டும் நம்புங்கள். ஈடி குழாய், கேமரா, மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் குட்டி வழிகாட்டித் தொலைநோக்கி எல்லாம் சேர்த்து எடை போட வேண்டும். 60 மி.மீ. குழாயென்றால் இந்தக் கணக்கு சிறு மவுண்ட்டிலேயே அடங்கும், 102 மி.மீ. என்றால் அடங்காது. பெரிய குழாயின் உண்மையான விலை அதன் பெட்டியில் இல்லை, அது கேட்கும் மவுண்ட்டில் இருக்கிறது.

எந்தப் பக்கம் திரும்புவது

ஊத்தங்கரையில் நின்று பார்த்தால் வெளிச்சமெல்லாம் வடமேற்கில் குவிந்திருக்கிறது. போச்சம்பள்ளி, பர்கூர் தொழிற்பேட்டைகள், கிருஷ்ணகிரி, அதற்கப்பால் ஓசூர், அதற்கும் அப்பால் பெங்களூரு எல்லாம் ஏறத்தாழ ஒரே பக்கம். அந்தப் பக்கத்து அடிவானத்தை விட்டுவிடுவதே நல்லது. கிழக்கே சவ்வாது மலைத்தொடர். தெற்கே தீர்த்தமலை, சித்தேரி மலைப்பக்கம் இருட்டு அதிகம்.

தெற்குதான் நம் சொத்து. வானியலாளர் வைணு பாப்பு காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கிருந்து தென்வானம் ஆழமாகத் தெரியும் என்பது. ஓரியன் நெபுலா ஜனவரி நடுவில் இரவு 10 மணிவாக்கில் 72 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கும். லண்டனில் அது 33 பாகைக்கு மேல் ஏறவே ஏறாது. ஒமேகா சென்டாரி கோளக் கொத்து இங்கே 30 பாகை உயரம் வரும், லண்டன்காரர் அதை வீட்டிலிருந்து பார்க்கவே முடியாது. கரீனா நெபுலா 18 பாகை.

ஓரியன் இரவு

இருட்டியதும் முதல் வேலை குவியம். பிரகாசமான ரிகெலைப் பார்த்துத் திருப்பி, லென்ஸுக்கு முன்னால் பாட்டினோவ் மூடியை மாட்டுங்கள். ரஷ்யரான பாவெல் பாட்டினோவ் வடிவமைத்த, மூன்று திசைகளில் கம்பி கம்பியாக வெட்டிய பிளாஸ்டிக் வட்டு அது. கேமராத் திரையில் நட்சத்திரத்திலிருந்து மூன்று ஒளிக்கோடுகள் கிளம்பும். இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிடும், மூன்றாவது அவற்றுக்கு இடையே ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். நுண்திருகை மயிரிழை திருப்பினால் நடுக்கோடு மெல்ல நகரும். இரண்டும் வெட்டும் புள்ளி வழியாகவே அது போகும் இடத்தில் நிறுத்தி, பூட்டுத்திருகை இறுக்குங்கள். இறுக்கும்போது கோடு நழுவினால் அந்தக் குவியத் திருகு கேமராவின் எடையைத் தாங்கவில்லை என்று பொருள். கடையிலேயே கேமராவை மாட்டி, குழாயை வானம் பார்க்க நிமிர்த்தி இதைச் சோதித்துவிடலாம். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கும், எனவே மணிக்கொருமுறை மூடியை மாட்டிப் பார்க்க வேண்டும்.

பிறகு 30 நொடிப் படங்கள் 120. நெபுலாவின் நடுவே இருக்கும் நான்கு நட்சத்திரங்களான ட்ரபீசியம் இதில் வெளுத்துப்போகும், அதற்காக 5 நொடிப் படங்கள் கொஞ்சம் தனியாக. கடைசியில் லென்ஸை மூடிவிட்டு அதே 30 நொடியில் இருட்டுப் படங்கள். உணரியின் சூட்டால் வரும் புள்ளிகளைக் கழிக்க அவை உதவும். இந்தச் சூட்டுப்புள்ளிகள் 6 டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஜனவரியில் சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவே நன்றாக வேலை செய்யும், ஏப்ரலில் அதே கேமரா திணறும். டிஎஸ்எல்ஆரின் உள்ளே இருக்கும் வடிகட்டி 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பங்கைத் தடுப்பதால் நெபுலா இளஞ்சிவப்பாகத்தான் வரும். ஓரியனுக்கு அது போதும். மங்கலான சிவப்பு நெபுலாக்களுக்குப் போகும்போது அந்த வடிகட்டியை எடுத்த கேமரா தேவைப்படும்.

மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கும். பாதி இரவில் படம் மங்கினால் மேகத்தைத் தேடாதீர்கள், லென்ஸைத் தொடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸைச் சுற்றிக் கட்டும் 12 வோல்ட் சூட்டுப்பட்டை விலை குறைவு, முதல் நாளே வாங்கிவிட வேண்டிய பொருள்.

படத்தின் நான்கு மூலைகளிலும் நட்சத்திரங்கள் நீண்டு வால்முளைத்தால் பயப்பட வேண்டாம். லென்ஸ் தட்டையான உணரிக்கு வளைந்த உருவத்தைத் தருகிறது. அதைத் தட்டையாக்கும் துணை லென்ஸ் தனியாகக் கிடைக்கும், வாங்கும்போதே அந்தக் குழாய்க்கு அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அதன் பின்முனைக்கும் உணரிக்கும் இடையே பெரும்பாலும் 55 மி.மீ. தூரம் இருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி வளையம் போட்டால் இந்தத் தூரம் தானாக அமைந்துவிடும். மற்ற கேமராக்களுக்கு இடைவளையங்கள் வைத்து ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் பார்க்க வேண்டும். ரெட்கேட் போன்ற சில குழாய்களில் இந்தத் திருத்தம் உள்ளேயே இருக்கிறது, புதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

தை, மாசியில் ஓரியன். பங்குனி, சித்திரையில் கரீனாவும் ஒமேகா சென்டாரியும், விடிகாலையில் விருச்சிகமும் தனுசும். ஜூனில் மேகம் ஏறினால் நவம்பர் வரை தொடர்ச்சியான இரவுகளை எதிர்பார்க்க முடியாது. அந்த மாதங்களில் தொலைநோக்கியைத் தோல்பையிலோ ஸ்பாஞ்சுப் பெட்டியிலோ வைத்துப் பரணில் ஏற்றிவிடுவதுதான் அதைக் கெடுக்கும் நிச்சயமான வழி. ஈரம் தங்கினால் லென்ஸ்களுக்கு இடையே பூஞ்சை படரும், ஒருமுறை கண்ணாடியை அரித்துவிட்டால் துடைத்துப் போக்க முடியாது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நீலமணிகள் நிறம் மாறியதும் வெயிலிலோ வாணலியிலோ காயவைத்துத் திரும்பப் போடுங்கள். வெயில் அடிக்கும் நாள் வந்தால் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, சூரிய வடிகட்டியை மாட்டிக் கரும்புள்ளிகளை இரண்டு படம் எடுத்துவிட்டு மூடிவையுங்கள்.